கடிகார ஆணியில் நீர்நாய்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சௌக்கியம். தாங்களும் அவ்விடம் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றாலும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் செய்தி அப்படிப்பட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது தாங்கள் அன்போடு அளித்ததும், மணிக்கொரு தரம் குதிரை மாதிரி கனைப்பதுமான சுவர்க் கடிகாரம் கூடத்துச் சுவரை விட்டு இறங்கிவிட்டது. அதே ஆணியில் இப்போது ஒரு நீர்நாய் தொங்குகிறது. படமாக. சட்டம் அடித்து, கண்ணாடி போட்டு, கோணல் இல்லாமல். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டேன்.

தங்களுக்கு ஞாபகமறதி வந்துவிட்டதென்று தாங்கள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகப் பந்தயத்தை மறுபடி எழுதுகிறேன். போன தடவை சொந்தபந்தம் அத்தனையும் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஓய்வுக்காலத்தில் காட்டுயிர்களைப் படம் எடுக்கப் போகிறேன், அதற்குத் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஜூம் லென்ஸ் ஒன்று வாங்கப் போகிறேன் என்று நான் அறிவித்தேன். தாங்கள் டீக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "கடைக்காரன் தராசைப் பார்த்தே காலத்தை ஓட்டின ஆளு நீங்க. அந்தக் குழாயை வச்சு எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டியைத்தான் எடுப்பீங்க" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் தங்கையும் சிரித்தாள், அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எடை அளவு ஆய்வாளராக நான் தெருவில் நடந்தால் கடைவீதியே எடைக்கல்லைத் துடைத்து வைக்கும், அப்பேர்ப்பட்ட ஆளு நான். ரோஷம் வந்துவிட்டது. நீர்த்தேக்கத்தில் இருக்கிற நீர்நாயைப் படம் பிடித்து, நீங்கள் அடுத்த முறை வருவதற்குள் உங்கள் கடிகார ஆணியிலேயே மாட்டுகிறேன், முடியாவிட்டால் லென்ஸை உங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கேமராவைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "குடுங்க, மேட்ச் பார்க்க ஆகும்" என்றீர்கள். அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு எனக்கு என்ன வேலை மச்சான்? மளிகைக்காரர் கொடுத்ததை மறுபடி எடை போடுவேன், அதுவும் சரியாக இருக்கும், அப்புறம் கூடத்து நாற்காலி. லென்ஸும் போய்விட்டால் மிச்ச ஆயுசுக்கு அந்த நாற்காலியும் உங்கள் குதிரையும்தான்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் மூன்று லென்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒன்று எழுபதிலிருந்து முந்நூறு, கைக்கு அடக்கம். ஒன்று நூறிலிருந்து நானூறு. மூன்றாவது நூற்றைம்பதிலிருந்து அறுநூறு, இரண்டு கைக்கும் அடங்காது. நம்பர் ஏற ஏறப் பிராணி கிட்டே வரும் சார், ஆனா கனமும் ஏறும், வெளிச்சம் குறையும், கை லேசா ஆடினாலும் படம் முழுக்க ஆடும், புதுசா ஆரம்பிக்கிறீங்க, நடுவுல இருக்கிறதை எடுத்துக்கங்க என்று நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அதையா கேட்டேன்? பெட்டி மேல் போட்டிருக்கிற எடையும் உள்ளே இருக்கிற எடையும் ஒன்றா என்று கேட்டேன். பார்சல் தராசைக் கொண்டுவந்தார். திருப்பிப் பார்த்தால் அதில் போன வருஷத்து முத்திரை, இந்த வருஷம் புதுப்பிக்கவே இல்லை. சும்மா விட முடியுமா, நீங்களே சொல்லுங்க. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "சார், நீங்க லென்ஸ் வாங்க வந்தீங்களா, சோதனைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். பை கொண்டுபோயிருந்தேன், பைக்குள் என் சொந்த எடைக்கல் இருந்தது, அதை வைத்துத் தராசைச் சரிபார்த்து, பிறகு மூன்றையும் போட்டுப் பார்த்தேன். மூன்றும் நேர்மையான எடை. ஒரே சரக்கு மூன்று கனத்தில் இருந்தால் கனமானதில்தான் ஏமாற்று குறைவு என்பது என் தொழில் பாடம். அறுநூறையே எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தங்கள் தங்கையிடம் காட்டினேன். "இதுல தண்ணி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள்.

மறுநாளே கழுத்து பிடித்துக்கொண்டது. கேமரா வாரைக் கழுத்தில் மாட்டக் கூடாதாம், இவ்வளவு கனத்துக்கு லென்ஸின் இடுப்பில் ஒரு வளையம் இருக்கிறது, அதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டுமாம், ஒற்றைக்கால் தாங்கி ஒன்றும் வேண்டுமாம், இதையெல்லாம் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படித்தேன். படமெல்லாம் சோப்பு நுரை மாதிரி வந்தது. அறுநூறில் வைத்து எடுத்தால் ஒரு நொடியை அறுநூறாகப் பிளந்து, அதைவிடச் சின்னத் துண்டில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் மூச்சு விடுவதுகூடப் படத்தில் விழும் என்று தெரிந்துகொண்டேன். பழகுவதற்கு எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத்தான் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன், அதற்கென்ன இப்போ. அதில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கு நுனிவரை தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் அன்றிலிருந்து மொட்டை மாடிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்.

ஒரு சாதனத்தைச் சரிபார்த்துவிட்டால் நான் முத்திரை போடாமல் விடமாட்டேன், தங்களுக்கே தெரியும். லென்ஸின் பக்கவாட்டில் சின்னச் சின்ன விசைகள். கிட்டே இருப்பதையும் பார்க்க வேண்டுமா, பத்து மீட்டருக்கு அப்பால் இருப்பதை மட்டும் பார்த்தால் போதுமா என்று லென்ஸுக்குச் சொல்ல அதில் ஒரு விசை. தூரத்தை மட்டும் பார் என்று வைத்துவிட்டால் அது அங்கேயும் இங்கேயும் அலையாமல் சட்டென்று பிடித்துக்கொள்ளுமாம். காட்டுப் பிராணி என்ன, வந்து நம்ம மடியிலயா உட்காரப் போகுது? விசையைத் தூரத்தில் வைத்தேன், பசை தடவினேன், மேலே கறுப்பு டேப்பைப் பல சுற்று சுற்றிக் குறுக்கே கையெழுத்தும் தேதியும் போட்டேன். இனி அதை நகர்த்த யாராலும் முடியாது, என்னையும் சேர்த்து.

அப்புறம் நீர்த்தேக்கம். அங்கே காவலாளி ஒருவர் இருக்கிறார், முதல் நாள் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டார், லென்ஸை வேறு என்னவோ என்று நினைத்துவிட்டார், பாவம். பிறகு சிநேகமாகிவிட்டோம். காலையில் போனால் குளிருக்குக் கண்ணாடி மேல் வேர்த்துவிடும், துடைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும், வெயில் ஏறினால் தண்ணீர் மேல் காற்றே நெளியும், நெளிகிற காற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது எருமையா பாறையா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒருநாள் எதிர்க்கரை ஓரமாகக் கறுப்பாக, வழவழவென்று, முதுகை மட்டும் காட்டிக்கொண்டு மிதந்தது பாருங்கள். கேமராவில் இடம் தீரும் வரை எடுத்துத் தள்ளினேன். காவலாளி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "சார், அது டயரு. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து அங்கதான் கிடக்கு" என்றார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? "நீங்க ரொம்ப ஆசையா எடுத்தீங்க" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உங்கள் குதிரை கனைத்தது. தோத்துட்டேன்னுதான் நினைச்சேன் மச்சான். நீங்கள் வரப்போவதாக உங்கள் தங்கை சொன்ன நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் பொறுத்தார் பூமி ஆள்வார். போன வாரம் தங்கள் தங்கை, "தனியா போய்க் கழுத்தை ஒடிச்சுக்காதீங்க, நானும் வரேன்" என்று ஒற்றைக்கால் தாங்கியையும் டீ பிளாஸ்க்கையும் தூக்கிக்கொண்டு வந்தாள். கரையோரப் பாறையில் இடம் பிடித்தோம். காற்று இல்லை, நெளிவு இல்லை, கண்ணாடியில் வேர்வை இல்லை. நீர்நாய் வந்தது. வாயில் மீன், மீன் இன்னும் துடிக்குது, மீசை ஒவ்வொன்றிலும் தண்ணீர்ச் சொட்டு, கண்ணில் என்ன ஒரு மிதப்பு தெரியுமா. படம் கிடைத்துவிட்டது. அப்படியே அச்சு. எண்ணி எடுத்துக்கொள்ளலாம் மீசையை. பின்னணியில் நீர்த்தேக்கத்தின் இயற்கை வளமும், அதில் இன்னொரு உயிரினமும் தெரிகின்றன, அதைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம். அன்று மாலையே கடிகாரம் இறங்கியது. பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரர், "இதுக்குத்தானா சார் அந்தக் குழாய்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆகவே மச்சான் அவர்களே, லென்ஸ் என்னிடமே இருக்கும். மேட்ச் பார்க்கத் தாங்கள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளவும்.

அக்காவுக்கு என் வணக்கங்கள், குழந்தைகளுக்கு என் ஆசிகள். எல்லோருக்கும் நிறை எடையில் நீண்ட ஆயுளும் குறை எடையில் கவலைகளும் கிட்டட்டும். தாங்கள் எப்போது வந்தாலும் படத்துக்கு நேர் எதிரே உட்கார வைப்பேன்.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற தங்கள் மச்சான்

பின்குறிப்பு: அண்ணா, இது நான் எழுதறேன். உறையை ஒட்டச் சொல்லிக் குடுத்துட்டு அவர் குளிக்கப் போயிருக்கார். அந்தப் படத்தை எடுத்தது நான். என் போன்ல.

இவர் எதிர்க்கரையையே குறிபார்த்துக்கிட்டு, "அசையாதே, அசையாதே"ன்னு என்னை அதட்டிக்கிட்டு இருந்தார். நீர்நாய் அவர் செருப்புப் பக்கத்துல ஏறி உட்கார்ந்து மீனைக் கடிச்சுக்கிட்டிருக்கு. முதுகுல தட்டினேன். திரும்பிப் பார்த்தார், குழாயை நீட்டினார், அது உள்ள கர்ரு கர்ருன்னு தேடுது, ஒண்ணும் பிடிக்கலை. கிட்டே இருக்கிறதைப் பார்க்காதேன்னு முத்திரை போட்டு வச்சிருக்காரே. நகத்தால பிறாண்டினார், பல்லால கடிச்சார், பிரியலை. சரி, நாம தூரமாப் போயிட்டா ஆச்சுன்னு பின்னாலேயே நடந்தார். பின்னால தண்ணி. அந்தப் படத்துல நீர்நாய்க்குப் பின்னாடி இடுப்பளவு தண்ணில, லென்ஸைக் குழந்தை மாதிரி தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அதுதான் அந்த இன்னொரு உயிரினம்.

ஆனா ஒண்ணு சொல்றேன் அண்ணா. லென்ஸ் மேல ஒரு சொட்டு படலை. அவர் சிரிச்சுக்கிட்டே நின்னார். வேலையை விட்டு வந்ததுலேருந்து இவர் அப்படிச் சிரிச்சு நான் பார்க்கலை. பந்தயம் போட்ட அன்னிக்கு உன்கூடச் சேர்ந்து நானும் அவரைப் பார்த்துச் சிரிச்சுட்டேன், அது எனக்கு இன்னும் உறுத்துது. அதனாலதான் உன் கடிகாரத்தை இறக்கினேன். இறக்கினதும் நான்தான், அவருக்கு நாற்காலி மேல ஏறக் கழுத்து விடலை. பந்தயப்படி அவர் தோத்துட்டார், அது எனக்கும் தெரியும், நீ லென்ஸைக் கேட்கப் போறதும் தெரியும். தர மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நான் எடுக்கப் போறேன், அவர் பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வரேன்னு ஒத்துக்கிட்டார்.

கடிகாரத்தைப் பரண்ல போட்டிருக்கேன். அங்கேயும் மணிக்கு மணி கனைக்குது. பேட்டரியைக் கழட்டலாம்னு பார்த்தா, மூடி மேல இவர் முத்திரை.