அப்பாவின் பூணூலும் என் ஸ்கேனரும்

பட்டியல் போடாமல் பொருள் வாங்குகிறவர்களை நான் மதிப்பதில்லை. நானே பட்டியல் போட்டு, சொந்தபந்தம் முழுக்கப் பார்க்கக் கவிழ்ந்த பிறகும் அவர்களை மதிப்பதில்லை.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகி, அம்மாவின் கல்யாண ஆல்பம் ஊறிப் போனது. மிஞ்சியவை நெகட்டிவ்கள் மட்டும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தன்று அந்தப் படங்களை அம்மாவுக்கு மறுபடி காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“கிழக்கேகோட்டை ஸ்டூடியோல குடுத்தா போறும்டி, கேட்டியா?” என்றாள் அத்தை.

(ஒரு என்ஜினீயரிடம் பேசுகிற பேச்சா இது!)

பதினோரு ஸ்கேனர்கள், ஒன்பது அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். வென்றது கையளவுப் பெட்டி ஒன்று. நெகட்டிவ், ஸ்லைடு இரண்டையும் எடுக்கும். விலை என் சம்பளத்துக்கு அடங்கும். இரண்டு வாரம், ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கித் தூசி நீக்கினேன். அப்பாவின் பூணூல் மேலிருந்த கீறலைக்கூட விடவில்லை.

மண்டபத்தில் பெரிய டிவியில் முதல் படம் வந்ததும் அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது படத்துக்கு அத்தை அலறினாள்.

“ஐயோ அண்ணா! கல்யாணத்தன்னிக்கேவா திவசம் பண்ணினே?”

அப்பாவின் பூணூல் வலது தோளில் கிடந்தது. முன்னோர் காரியத்துக்குத்தான் அப்படி மாற்றிப் போடுவார்கள். ஃபிலிமை நான் பின்பக்கம் முன்பக்கமாகச் செருகியதில் எல்லாப் படமும் இடம் வலமாகிவிட்டது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது என் ஒன்பது அம்சங்களில் இல்லை.

சடங்கு நடத்த வந்த வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். “அணை, அணை!” என்று நாலாபக்கமும் குரல்.

“ஷார்ப்னெஸ்ஸைப் பாருங்கோ!” என்று கத்தினேன். (சத்தியமாகக் கத்தினேன்.)

“யாரும் அணைக்கப்படாது,” என்றாள் அம்மா. அப்போது திரையில் அவள் மட்டும் இருந்தாள். “ஆல்பத்துல இருந்தவ யாரோ மாதிரி இருப்பா. அன்னிக்கு நான் கண்ணாடில பாத்தது இவளையாக்கும்.”

அந்தப் படம் மட்டும் திருத்தாமல் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. மற்றவற்றை ஒரே பொத்தானில் திருப்பிவிட்டேன். பட்டியலில் பத்தாவது அம்சத்தைச் சேர்த்து மறுபடி மதிப்பெண் போட்டேன். அதே ஸ்கேனர்தான் முதலிடம்.

ஒவ்வொரு அமாவாசைத் தர்ப்பணத்திலும் பூணூலை வலப்பக்கம் மாற்றும்போது அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: “ஸ்கேனர் பக்கம் வந்தாச்சு, என்ஜினீயரே!”

“தூசி இல்லையே, பாத்துக்கோங்கோ!” என்பேன். நானா விடுவேன்?