ஞாயிற்றுக்கிழமை படுத்த சர்வர்

சிவராஜின் அதிகாரம் செல்லுபடியாவது ஒரே இடத்தில்தான். அனுப்பர்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி, அதில் ஒரு ஏசி அறை, அதற்குள் ஒரு சர்வர். எந்த ஆர்டருக்கு எத்தனை பனியன் தைத்தாயிற்று என்ற விவரமெல்லாம் அதன் டேட்டாபேஸில். வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு வரி தட்டினால், எட்டுக் கிலோமீட்டருக்கு அப்பால் அது படு என்றால் படுக்கும், எழு என்றால் எழும். வீட்டுக்குள் அவர் சொல்பேச்சு கேட்பது எதுவுமில்லை, மிக்ஸி உட்பட.

அந்த ஞாயிறு மத்தியானம் கிரிக்கெட் ஃபைனல். அதே நாளில் பல்லடத்தில் மச்சினன் ராஜவேலின் நாலாவது கோழிக்கொட்டகைக்குப் பூஜை. மூன்றாவது கொட்டகையின்போது ராஜவேல் ஒவ்வொரு கூண்டாக நிறுத்தி விளக்கினான். அந்த வாசம் மூக்கை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. இந்தத் தடவை தப்பித்தே தீருவது என்று சிவராஜ் முடிவு கட்டிவிட்டார்.

காலை எட்டு மணி. கம்பெனி லீவு, யாருக்கும் நஷ்டமில்லை. டேட்டாபேஸைத் தானே நிறுத்திவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

“அனிதா! சர்வர் படுத்திருச்சு!”

பட்டுச்சேலையில் மனைவி எட்டிப் பார்த்தாள். “அடக் கடவுளே! எப்பங்க எந்திரிக்கும்?”

“பொழுது சாய ஆயிரும். நான் பக்கத்துலயே இருந்து பாக்கோணும்.”

“எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கறதுக்குப் பக்கத்துலயேங்களா?”

“அதெல்லாம் டெக்னிக்கல். உனக்குப் புரியாது.”

“செரிங்க. இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுங்களா?”

“நாலா வையி.”

நிஜமாகவே சர்வர் படுத்த நாட்களில் தனக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. இவ்வளவு சுலபமா என்றுதான் இருந்தது. இப்படியொரு நல்ல பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அனிதா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் உருகியிருந்தது.

“லீவு நாள்ல நீங்க படற பாட்டைப் பாத்து எனக்கு மனசே கேக்கலீங்க. உங்க முதலாளி சுப்பண்ணன் தங்கமான மனுசனுங்க. ஊட்டுல இருந்து எதுக்கு அல்லாடோணும், கம்பெனிக்கே வரச்சொல்லுங்க, பொழுதுக்கும் நானும் கூடவே உக்காந்துக்கறேன்னு காரை அனுப்பிப்போட்டாருங்க.”

வாசலில் ஹாரன் அடித்தது. சிவராஜ் இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு லேப்டாப்பை இழுத்தார். ஃபைனல் போச்சு. அதுகூடப் பரவாயில்லை, நிறுத்தியது யாரென்று முதலாளி கேட்டால்? விரல்கள் பறந்தன. எட்டே விநாடி.

“எந்திரிச்சிருச்சு! அனிதா, சர்வர் எந்திரிச்சிருச்சு!”

“நல்லதாப் போச்சுங்க. வேட்டியக் கட்டுங்க, பூஜைக்கு நேரமாச்சு.”

“முதலாளி கார் வாசல்ல நிக்குதே, அவருக்கு என்ன சொல்றது?”

“அது எங்க தம்பி காருங்க. முதலாளிக்கு நான் போனே போடலீங்களே.”