மாஸ்டருக்கு ஆக்ஸிஜன் வந்தது

"மாஸ்டர், நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஹென்ஷெல் அம்மாள். கையில் கைக்குட்டை. காலடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

ஹார்ட்விக் பெட்டியைப் பார்த்தார். அதன் மேல் ஒரு படம். வெள்ளைத்தலைக் கிழவர் ஒருவர் மூக்கில் குழாயைச் சொருகிக்கொண்டு சாய்வு நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தார். அடியில் கொட்டை எழுத்தில் 'வீட்டிலேயே ஆக்ஸிஜன்' என்று போட்டிருந்தது.

"நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. பார்சல்காரர் என்கிட்ட குடுத்துட்டுப் போனார். எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"மறைக்காதீங்க மாஸ்டர். இத்தனை வருஷமா புகைபோக்கிக்குள்ள தலையை விட்டா நுரையீரல் என்னத்துக்கு ஆகும்?"

ஹார்ட்விக் அந்த வட்டாரத்தில் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து அடுப்புகளைச் சோதிக்கும் புகைபோக்கி மாஸ்டர். தூரிங்கியா மலைக்குள் ஒளிந்திருக்கும் ஷீஃபர்டால் ஊரில் எந்த அடுப்பு எரியலாம், எது எரியக்கூடாது என்பதற்கு அவர் சொல்தான் சட்டம். பேக்கரி லோதாரின் பழைய விறகடுப்பை அணைத்தவர் அவர். ஹென்ஷெல் அம்மாள் துணி துவைக்கும் அறையில் ஆசையாக மெழுகுவத்தி காய்ச்சியதை நிறுத்தியவரும் அவரே. "விளையாட்டுக்கு நெருப்பு கூடாது" என்பது ஊர் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அவருடைய வசனம். அப்படிப்பட்டவர், "நோயெல்லாம் இல்லையம்மா, தோட்டத்துக் கொட்டகையில் விளையாட்டுக்குக் கண்ணாடி உருக்கப்போகிறேன்" என்று எந்த முகத்தோடு சொல்வார்?

அதைவிடப் பெரிய காரணம் ரோஸ்வித்தா. அவர் மனைவி. ஊர்க் கண்ணாடிப் பட்டறையில் சுடருக்கு முன் உட்கார்ந்து வேலை செய்பவள். ஒரு கண்ணாடிக் குழாயைச் சுடரில் காட்டி ஊதினால் அவள் கையில் அன்னம் பிறக்கும். அன்னத்தின் கழுத்தை வளைக்கும்போது அவள் பாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருப்பாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கதவருகே ஹார்ட்விக்தான். கல்யாணமாகி இத்தனை காலம் ஆகியும் அந்த வியப்பு அவருக்குத் தீரவில்லை.

வருகிற சனிக்கிழமை அவளுக்கு ஐம்பது வயது. கடையில் வாங்கிய எதையும் அவள் கழுத்தில் போட அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளையில் நீலப்புள்ளி வைத்த ஒரே ஒரு கண்ணாடி மணி, அவளுக்குத் தெரியாமல் தன் கையால் செய்து கொடுக்க வேண்டும். அவளிடமே கேட்டுச் செய்தால் அது அவள் செய்த மணியாகிவிடும்.

ஆசைப்பட்டாரே தவிர, சுடர்க் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் வாங்கியது வெறும் எரிவாயுவில் எரியும் கைச்சுடர். மலிவு. ஆனால் வெள்ளை மணி சாம்பல் நிறத்தில் வந்தது. கரி! வாழ்நாளெல்லாம் எந்தக் கரியைச் சுரண்டிப் பிழைத்தாரோ அது அவருடைய மணியிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆக்ஸிஜன் சேராமல் சுத்தமான சுடர் கிடையாது என்பது அப்போதுதான் உறைத்தது.

மேசையில் பொருத்தும் சுடர்க் கருவிகளில் இரண்டு ரகம் இருந்தன. எரிவாயுவும் ஆக்ஸிஜனும் உள்ளேயே கலந்து வருவது ஒன்று. அது உறுமும், சமயத்தில் சுடர் உள்ளே பின்வாங்கி 'டப்'பென்று வெடிக்கும். இரண்டும் குழாய் வாய்க்கு வெளியே வந்த பிறகு கலப்பது இன்னொன்று. அது சாது. ஹார்ட்விக் சாதுவைப் பிடித்தார்.

ஆக்ஸிஜனுக்கு உருளை வாங்கியிருக்கலாம். அதைச் சங்கிலி போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டும், எண்ணெய்க் கையோடு கிட்டே போகக்கூடாது. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. உருளை விற்பவர் உள்ளூர்ப் பாடகர் குழுவில் இருப்பவர் என்பதுதான் பிரச்சினை. அவருக்குத் தெரிந்தால் ஊருக்கே பாடிவிடுவார். எனவே காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை, நோயாளிகளுக்கானதை, வெளியூர் ஆள் ஒருவரிடம் பழையதாக வாங்கினார். ஒரு சின்னச் சுடருக்கு அது தரும் ஆக்ஸிஜன் தாராளம்.

கொட்டகையையும் சும்மா விடவில்லை. தானே சோதனை போட்டு, காற்றோட்டம் போதாதென்று முதல் முறை தனக்கே அனுமதி மறுத்தார். இன்னொரு ஜன்னல் வெட்டி, எரிவாயு உருளையை வெளிச்சுவருக்கு மாற்றி, தீயணைப்பான் மாட்டிய பிறகுதான் தன்னைப் பாஸ் பண்ணினார். எல்லாவற்றையும் யோசித்தவர், ஆள் இல்லாத வீட்டுப் பார்சல் பக்கத்து வீட்டில் இறங்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"ரோஸ்வித்தாவுக்குத் தெரியுமா?" என்றாள் ஹென்ஷெல் அம்மாள்.

"ஐயோ! அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

"ச்சொச்சொ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ஹென்ஷெல் அம்மாள்.

மறுநாள் காலை லோதாரின் பேக்கரிக் கூரையில் ஏற ஹார்ட்விக் ஏணியைச் சாத்தினார். லோதார் ஓடி வந்து ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"ஏறாதீங்க மாஸ்டர். என் அடுப்பை நீங்க அணைச்சதை நான் மன்னிச்சிட்டேன். உள்ள வந்து உக்காருங்க."

"எனக்கு ஒண்ணுமில்லப்பா!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. தைரியசாலி நீங்க."

தைரியத்தைக் காட்ட ஹார்ட்விக் விறுவிறுவென்று கூரைக்கு ஏறி, அதே வேகத்தில் இறங்கினார். கீழே லோதாரின் மனைவி பிளம் கேக்கோடு காத்திருந்தாள். அவசரமாக விழுங்கியதில் ஒரு துணுக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவர் இருமிய இருமலைக் கேட்டு, ரொட்டி வாங்க வந்தவர்கள் ரொட்டியை மறந்து நின்றார்கள்.

மதியத்துக்குள் செய்தி கடைவீதியைத் தாண்டிவிட்டது. இன்னும் நாலு தெரு தாண்டினால் கண்ணாடிப் பட்டறை. ரோஸ்வித்தாவின் காதில் விழுந்தால் அவள் நொறுங்கிப்போவாள். உண்மையைச் சொல்லிவிட்டாலோ மணி பாழ். ஹார்ட்விக் நேராக டாக்டர் குவாண்ட்டிடம் ஓடினார்.

டாக்டர் ஊதச் சொன்னார். ஊதினார். டாக்டரின் கருவி முள் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

"குதிரைக்குக்கூட இப்படி ஒரு நுரையீரல் இருக்காது, மாஸ்டர்."

"அதை வெளியில வந்து சொல்லுங்க டாக்டர்!"

"நோயாளியைப் பத்தி நாலு பேர் முன்னால பேசற வழக்கம் எனக்கு இல்ல."

ஹார்ட்விக் கதவைத் திறந்தார். வெளியே உட்கார இடமில்லாத கூட்டம். "இவங்க முன்னால கேக்கறேன். நான் பிழைப்பேனா மாட்டேனா?"

டாக்டர் குவாண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்கணும். நான் எதுவும் சொல்றதுக்கில்ல."

உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள்.

வியாழக்கிழமை அவரும் பாடும் பாடகர் குழுவின் ஒத்திகை. சுவாசத்தைச் சந்தேகப்படுகிறவர்களுக்குப் பாட்டாலேயே பதில் சொல்வதென்று போனார். கடைசி ஸ்வரத்தை மற்றவர்கள் விட்ட பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்தது, ஜன்னல் அதிர்ந்தது. பாடி முடித்தபோது குழுத்தலைவர் விம்மிக்கொண்டிருந்தார்.

"தன் உயிரைக் கொடுத்துப் பாடறது இதுதான்யா!"

புகைபோக்கி மாஸ்டரின் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது ஊர் நம்பிக்கை. ஆள் இருக்கும்போதே தொட்டுக்கொள்வோம் என்று வரிசை கட்டினார்கள். சிலர் தொட்டதோடு நிற்கவில்லை.

அன்று மாலை ரோஸ்வித்தா அவர் சட்டையை எடுத்துப் பார்த்தாள். "பொத்தான் எங்க?"

"ஆணியில மாட்டிக்கிச்சு."

"புருவம் பாதி காணோமே?"

"அதுவும் ஆணிதான்."

"பார்த்து வேலை செய்" என்று சொல்லிவிட்டு அவள் ஊசியில் நூல் கோத்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் எட்டவில்லை என்று ஹார்ட்விக் நிம்மதியாக மூச்சு விட்டார்.

இத்தனை அமளியிலும் மதிய இடைவேளை மட்டும் அவருடையதாக இருந்தது. அவள் பட்டறையில் இருக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் நுழைவார். இயந்திரம் முனகத் தொடங்கும். ஆக்ஸிஜன் திருகைத் திறந்ததும் மஞ்சளாய் ஆடிக்கொண்டிருந்த சுடர் ஒடுங்கி, நீலமாகக் கூர்ந்து நிற்கும். கம்பியைச் சுழற்றிக்கொண்டே உருகும் கண்ணாடியை அதில் சுற்ற வேண்டும். சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினால் மணி தொங்கிவிடும், அவசரப்பட்டால் கோணிவிடும். முதல் மணி உருளைக்கிழங்கு. அடுத்தது கடைவாய்ப் பல். இன்னொன்று சின்னச் சூளையில் மெல்ல ஆறவிடாமல் எடுத்ததால் கையிலேயே விரிசல் விட்டது.

'இதையா அவள் பேசிக்கொண்டே செய்கிறாள்!' என்று கையைப் பிசைந்துகொண்டார். இத்தனை காலமும் அவளை வியந்தது போதாது, இனிமேல்தான் சரியாக வியக்க வேண்டும் என்று பட்டது. வெள்ளிக்கிழமை சூளையிலிருந்து ஒரு மணி வந்தது. பால் வெள்ளை. அதில் ஏழெட்டு நீலப்புள்ளிகள், ஏறக்குறைய நேர்வரிசையில். கரி துளியும் இல்லை. ஹார்ட்விக்கின் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்க்காததால் துடைக்கவில்லை.

சனிக்கிழமை மாலை வாசலில் காலடிச் சத்தம். பிறந்தநாளுக்கு நாலைந்து பேர் வருவார்கள் என்று கதவைத் திறந்தால் ஊரே நின்றது. அத்தனை பேரும் கறுப்புடை. முன்னால் லோதார், கையில் மூன்றடுக்கு கேக். அவனுக்குப் பின்னால் பாதிரியார். பாடகர் குழு தொண்டையைச் செருமி, வழியனுப்பு விழாக்களில் பாடும் பாட்டை ஆரம்பித்தது.

"யாரு ஹார்ட்விக்?" என்று உள்ளிருந்து வந்தாள் ரோஸ்வித்தா.

பாதிரியார் அவள் கையைப் பற்றினார். "அம்மா, மனசைத் தேத்திக்கணும்."

இனி ஒரு வார்த்தை விட்டாலும் அவள் தலையில் இடி இறங்கும். ஹார்ட்விக் இருவருக்கும் நடுவில் பாய்ந்தார்.

"நிறுத்துங்க! நான் சாகல! எனக்கு ஒரு நோயும் இல்ல! அந்த ஆக்ஸிஜன் எனக்கில்ல, சுடருக்கு! கொட்டகையில உக்காந்து கண்ணாடி உருக்கறேன், போதுமா?"

பாட்டு பாதியில் நின்றது.

"விளையாட்டுக்கா?" என்றான் லோதார், கேக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு.

"விளையாட்டுக்குத்தான்!" ஹார்ட்விக் பையிலிருந்து மணியை எடுத்தார். "ரோஸி, உனக்காகச் செஞ்சேன். உன் வேலைக்கு முன்னால இது ஒண்ணுமே இல்ல. உன் கை செய்யறதை என் கை ஒரு தடவையாவது செஞ்சு பார்க்கணும்னு ஆசை."

ரோஸ்வித்தா மணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, தொழில்காரியின் கண்ணோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஊரும் கூடவே பார்த்தது.

"சுடர் சுத்தமா பிடிச்சிருக்க" என்றாள் கடைசியில். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மணியை அதில் கோத்துப் போட்டுக்கொண்டாள்.

ஹென்ஷெல் அம்மாள் கைக்குட்டையைத் தரையில் வீசிவிட்டு முன்னால் வந்தாள்.

"பாத்தியா ரோஸி! 'கண்ணாடி உருக்குறாருன்னு தெரிஞ்சா ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்கும், நுரையீரல்னு சொல்லி அழுதுடு'ன்னு அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே நீ சொன்னதுக்காக நான் வாரம் பூரா வீடு வீடாப் போய் அழுதேன். கடைசியில உன் புருஷனே போட்டு உடைச்சிட்டாரே!"