சனிக்கிழமை ஆற்று நிலவரம்

“ஏங்க, உங்க ஆத்து நிலவரத்துல நான் பேசறேன்.”

மனைவி போனைக் காதிலிருந்து எடுக்காமலே சொன்னாள். சவரம் செய்துகொண்டிருந்த மீன்வளத் துறை எழுத்தர், ஒரு கன்னத்தில் நுரையோடு வந்து நின்றார்.

“நீயா? என்ன பேசறே?”

“‘பனியன்ல இத்தனை ஓட்டையோட ஆபீசுக்குப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க’ன்னு பேசறேன். அதுக்கு நீங்க பதில் வேற சொல்றீங்க.”

வசந்தம் பிறந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காகத் துறை ஒரு தொலைபேசி எண் வைத்திருந்தது. அதில் கூப்பிட்டால், எந்த ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, கலங்கலா தெளிவா, எந்த மீன் எந்த இரைக்குக் கொத்துகிறது என்று ஒரு குரல் சொல்லும். மூன்று வருடமாக அந்தக் குரல் இவருடையது. ஆபீசிலும் ஆற்றங்கரையிலும் இவருக்கு ‘நிலவரம்’ என்றே பெயர்.

வேலை சுலபம். சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் போனை ஸ்பீக்கரில் வைத்து, ஆபீஸ் எந்திரத்தைக் கூப்பிட்டு, செய்தியைச் சொல்லி, நட்சத்திரக் குறியை அமுக்கிவிட்டு எழுந்துவிடுவார். எந்திரம் கொஞ்ச நேரத்தில் தானே துண்டித்துக்கொள்ளும். பதிவானதை அவர் போட்டுக் கேட்டதே இல்லை. சொந்தக் குரல் அவருக்கு யாரோ மூக்கடைத்த ஆள் பேசுவது போல் இருக்கும். இன்றைக்கு மீன் பிடிக்கவென்றே வந்திருந்த மச்சான், “தண்ணி எப்படி இருக்குன்னு கேளேன் அக்கா” என்றதால்தான் விஷயம் வெளியே வந்தது.

“நான் என்ன பதில் சொன்னேன்?”

மனைவி இன்னொரு தடவை கேட்டுச் சொன்னாள். “‘புது அதிகாரிக்குத் தூண்டிலை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியல, அவரா என் பனியன் ஓட்டையைப் பார்க்கப் போறாரு’ன்னு.”

நுரை இல்லாத கன்னமும் வெளுத்துப்போயிற்று.

புது அதிகாரி வந்து பத்து நாள்தான் ஆகிறது. வந்த இரண்டாம் நாளே, தன் தொப்பியைப் பார்த்துச் சிரித்த ஒருவரைப் பழைய கோப்புகள் அடைந்து கிடக்கும் நிலவறைக்கு மாற்றியவர். நேற்றுதான் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்: “நாளைக்கு நானும் ஆத்துக்குப் போறேன். எட்டரைக்கு நிலவரத்தைக் கேட்டுட்டுத்தான் கிளம்புவேன்.”

மணி ஏழு பத்து.

“எப்பவும் போல நட்சத்திரத்தை அமுக்கினேனே!”

“விரல் வழுக்கியிருக்கும் மாமா,” என்றார் மச்சான். “திரும்பப் பேசிடுங்க. பழசு அழிஞ்சுடும்.”

நிலவரம் திரும்பப் பேசினார். மேல் ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவு, தெளிவு. கீழ் ஆற்றில் இரும்புப் பாலத்துக்கு அடியில் கலங்கல் தெளிந்துவிட்டது, கெண்டை காலையில் மண்புழுவுக்குக் கொத்துகிறது. போன வாரம் பிடிபட்டதில் பெரியது மூன்று கிலோ கெளுத்தி. நன்றி, வணக்கம். நட்சத்திரக் குறியை நகம் வெளுக்கும் வரை அமுக்கினார்.

“அப்பாடா! அந்தத் தொப்பிக்காரன் காதுல மட்டும் விழுந்திருந்தா, என்னையே முள்ளுல கோத்து ஆத்துல வீசியிருப்பான்.”

மச்சான் தன் போனில் அந்த எண்ணைப் போட்டுக் கேட்டார்.

“மாமா... ‘முள்ளுல கோத்து’ வரைக்கும் சுத்தமா விழுந்திருக்கு.”

இனி மனித வாடையே கூடாது என்று நிலவரம் போனோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மேல் ஆறு நல்லபடியாக முடிந்தது. “கீழ் ஆறு, இரும்புப் பாலத்துக்கு அடியில்...” என்று ஆரம்பித்ததுதான் தாமதம். மொட்டைமாடித் தொட்டி நிறைந்து கொட்டுவதைப் பார்த்த மனைவி கதவை இடித்தாள்.

“ஐயோ! தண்ணி நிரம்பி வழியுது! சீக்கிரம் வெளிய வாங்க!”

நிலவரம் பதறிப்போய்ப் போனையே அணைத்தார். வெளியே வந்து மூன்று பேரும் கேட்டார்கள். இரும்புப் பாலத்துக்கு அடியில் ஒரு பெண் அலறிக்கொண்டிருந்தாள்.

“இதைக் கேட்டா தீயணைப்பு வண்டியே வந்துடும் மாமா.”

நான்காவது தடவை கூப்பிட்டபோது எந்திரம், “இன்றைய பதிவுகள் முடிந்தன” என்று கையை விரித்துவிட்டது. இனி ஆபீசுக்கே போய் எந்திரத்தில் நேராகப் பேசுவது ஒன்றுதான் வழி.

“அந்த லைன்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் கேட்க முடியும்,” என்றார் நிலவரம், சட்டையை மாட்டிக்கொண்டே. “நான் சொல்ற வரைக்கும் அக்காவும் தம்பியும் மாத்தி மாத்திக் கூப்பிட்டு லைனைப் பிடிச்சு வையுங்க. ஈ, எறும்பு உள்ள வரக் கூடாது.”

“என் குரலையே நான் எத்தனை தடவைங்க கேட்கறது?”

“நான் இருபது வருஷமா கேட்கலையா?” என்று சொல்லிவிட்டு, பதில் வருவதற்குள் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஆபீஸ் காவலாளி அவருடைய பாதி முகத்தையே பார்த்தபடி கதவைத் திறந்துவிட்டார். எந்திரம் அலமாரி மேல் தூசியோடு உட்கார்ந்திருந்தது.

“பேசி முடிச்சதும் அந்தச் சிவப்புப் பொத்தான் சார்,” என்றார் காவலாளி.

நிலவரம் பேசினார். சிவப்பை அமுக்கினார். பிறகு ஒரு நிமிடம் தானும் மூச்சு விடவில்லை, காவலாளியையும் விடவிடவில்லை. போட்டுக் கேட்டார். “நன்றி, வணக்கம்.” டக். அதற்குமேல் ஒரு சத்தமும் இல்லை.

மணி எட்டு இருபத்தெட்டு. வீட்டுக்குப் போன் செய்தார். “விட்டுடு. லைனை விட்டுடு.”

அப்படியும் மனம் ஆறவில்லை. கண்ணால் பார்த்துவிடுவது என்று ஒன்பதரைக்கு ஆற்றுக்கே போனார். பாலத்துக்கு அடியில், முழங்கால் தண்ணீரில், அந்தத் தொப்பி தெரிந்தது. நிலவரம் தயங்கித் தயங்கிக் கரைக்கு இறங்கினார்.

“வாங்க நிலவரம்!” என்று அதிகாரி கையை ஆட்டினார். “எட்டரைக்குக் கேட்டேன். சுருக்கமா, சுத்தமா இருந்தது. தெளிஞ்சிருக்குன்னீங்க, தெளிஞ்சிருக்கு. கெண்டை கொத்தும்னீங்க, இதோ!” வலையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே நல்ல கெண்டை ஒன்று துள்ளியது. “இந்தத் துறைக்கு உங்களை மாதிரி ஆளுங்கதான் வேணும். ஆமா, தாடியை ஏன் ஒரு பக்கம் மட்டும் வளர்க்கிறீங்க?”

நிலவரம் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். நிலவறைக்கு யாரும் போக வேண்டியிருக்கவில்லை.

கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தார். இளம் வெயிலில் ஆறு பளபளத்தது. வரிசையாகத் தூண்டில்காரர்கள், மிதக்கும் தக்கைகள். சவரம் செய்த கன்னத்தில் காற்று ஜில்லென்று பட்டது. முள்ளிலிருந்து கழற்றித் தண்ணீரில் விட்ட மீனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. மனைவியிடம் சொல்ல வேண்டும். ஓட்டைப் பனியன்களை எல்லாம் இன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மண்புழு விற்பவர், டப்பாவோடு தூண்டில்காரர் வரிசையோரமாக நடந்து வந்தவர், இவரைக் கண்டதும் நின்றார். முகத்தில் நிஜமான கவலை.

“மூணு வருஷமா சனிக்கிழமை ஆனா இந்தக் கரையே உங்களைத்தான் கேட்டுட்டு இருக்கு, இந்த வாரம் என்ன சார் வெறும் ஆத்து நிலவரத்தோட நின்னுபோச்சு, வீட்டுல அண்ணிக்கு உடம்பு சரியில்லையா?”