உப்புக்காத்துக்குப் பயந்த போன்

வீட்டில் என் சொல்தான் செல்லாது. செல்லாவது என் சொல்படி கேட்கட்டும் என்று புதுப் போன் வாங்கிய அன்றே முடிவெடுத்தேன். முந்தைய போன் ரசத்தில் விழுந்து செத்தது. ரசம் வைப்பது எப்படி என்று என் மனைவி இளமதி அதில் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷமாக ரசம் வைக்கிறவள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

புதுசுக்குக் கண்ணாடி ஒட்டினேன். உறை போட்டேன். உறைக்கு மேல் ஒரு ஜிப் பை. என் கட்டைவிரல் பட்டால்தான் திறக்கும்.

"இனிமே இத யாரும் தொடக்கூடாது."

"நல்லதுங்க," என்றாள் இளமதி. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வீடு சிதம்பரம், வேலை கடலூரில், சிமெண்ட் கடையில் பில் போடுவது. மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"போனை எடுத்துகிட்டா போறீங்க?"

"பின்ன?"

"கடலூர் உப்புக்காத்து சார்ஜ் போடுற ஓட்டையில பூந்து துருப்புடிச்சிடுமாம். பக்கத்து வூட்டு பட்டம்மாள் அக்கா மருமவன் போன் அப்புடித்தான் போச்சாம். உங்க கடையில சிமெண்டு தூசி வேற ஜாஸ்தி."

உப்பும் சிமெண்டும் சேர்ந்தால் போனுக்குள் சுவரே எழும்பிவிடும் என்று பட்டது. அதைப் பீரோவில் வைத்துவிட்டு, என் பழைய பட்டன் போனோடு பஸ் ஏறினேன்.

அடுத்த வாரம் ஆரம்பித்தாள். "அப்டேட்டுன்னு ஒண்ணு வருமாம். உடனே போடலன்னா வைரஸ் பூந்துடுமாம். நீங்க கடலூர்ல இருந்தா யாரு போடறது?"

நியாயம்தானே? அவள் விரலையும் நானே பதிந்து கொடுத்தேன். நானே.

மூன்று மாதம் போனது. ஒருநாள் மதியம் கடையிலிருந்து புது நம்பருக்குப் போட்டேன். பிஸி. சாயங்காலமும் பிஸி. பீரோவுக்குள் இருக்கிற போன் யாரோடு பேசும்?

வீட்டுக்கு வந்தால், பருப்பு டப்பாவில் சாய்ந்துகொண்டு நிற்கிறது என் போன். இளமதி கழுத்தில் டேப். பட்டம்மாள் போனில் ப்ளவுசுக்குக் கழுத்து டிசைன் பார்த்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின் பக்கத்தில் துணி மலை.

"என்ன இது?"

"சும்மா கெடந்தா பேட்டரி செத்துடுமாம். அதான் ஆர்டர் புடிச்சிகிட்டிருக்கேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. மறுநாள் போனை நானே எடுத்துக்கொண்டேன். அவள் டிபன் கட்டிக் கொடுத்தாள்.

பஸ் ஊரைத் தாண்டவில்லை. போன் அடித்தது.

"இளமதி டெய்லருங்களா?"

"அவுங்க வூட்டுக்காரரு."

"அவுங்ககிட்ட குடுங்க."

அடுத்தது பண்ருட்டி. வியாழக்கிழமை கல்யாணமாம், கை முழங்கை வரை வேண்டுமாம். பிறகு புவனகிரி. "நான் அவுங்ககிட்ட பேசணும். நீங்க யாரு நடுவுல?" என்றது அந்தக் குரல். என் போனில், என்னைப் பார்த்து. பஸ்ஸே கேட்டுக்கொண்டிருந்தது.

கண்டக்டர் வந்தார். "சார், அந்தப் பண்ருட்டி அம்மாவுக்குக் கை முழங்கை வரைக்குமா, கீழயா?"

ஆலப்பாக்கத்தில் இறங்கினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு எதிர்ப்பக்க பஸ் பிடித்தேன்.

இளமதி வாசலில் நின்றாள். போனை வாங்கி, முந்தானையால் துடைத்து, பண்ருட்டியைக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"லீவுதான? அந்த நாலு ப்ளவுசுக்கும் ஹூக்கு தச்சிடுங்க."

உங்களிடம் புலம்பிக்கொண்டே மூன்றாவதுக்கு வந்துவிட்டேன்.