நாலு விரல் இறக்கம்

மேஸ்திரியால் உட்கார முடியவில்லை. கால் வலி, இடுப்பு வலி என்றால் நாலு பேரிடம் சொல்லலாம். இது சொல்லக்கூடிய இடத்து வலி இல்லை. உட்காரும்போது பாரம் தாங்குகிற அந்த இரண்டு எலும்புகளும் கங்கு வைத்ததுபோலக் காந்தின. காலைச் சாப்பாட்டை ஜன்னலோரம் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அவர் மனைவியும் அடுப்போரம் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"நீயாவது உட்காரேன்."

"நீங்க நிக்கறப்ப நான் மட்டும் என்ன?"

மேஸ்திரிக்கு நெஞ்சு இளகியது.

கிட்டங்கியில் முப்பது வருஷம் மூட்டை சுமந்தவர். இப்போது சுமக்கிறவர்களுக்கு மேஸ்திரி. போன வாரம்தான் ஒல்லி டயர் ரேஸ் சைக்கிள் ஒன்று வாங்கினார். விடியலில் வாய்க்கால் பாலத்துச் சரிவில் மிதிக்கவே வேண்டாம். பனிக்குள்ளிருந்து ரோடு தானாக உருண்டு வந்து சக்கரத்தடியில் புகுந்துகொள்ளும். முதுகில் ஒன்றும் இல்லை. தன் முதுகு இவ்வளவு லேசானது என்று ஐம்பதாவது வயதில்தான் அவருக்குத் தெரிந்தது. அந்த ஒரு சரிவுக்காக மீதி நாளைச் சுமந்துவிடலாம் போலிருந்தது.

சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு மனைவி ஹேண்டில்பாரைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"கல்யாணமான புதுசுல சைக்கிள் பத்தி ஒண்ணு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல, விடுங்க."

அவரும் விட்டுவிட்டார்.

வலிக்கு முதலில் சீட்டின்மேல் தடிமனான பஞ்சுறை மாட்டினார். அது நழுவி நழுவித் தொடையைத் தேய்த்துச் சிவக்க வைத்தது. பிறகு பஞ்சு தைத்த சைக்கிள் டிரவுசர் வாங்கினார். மானத்துக்கு உள்ளே ஜட்டியும் போட்டுக்கொண்டார். ஜட்டித் தையல் ரம்பமாக அறுத்தது.

"அதுக்குள்ள ஒண்ணும் போடக் கூடாதுங்க," என்றாள் மனைவி, பாத்திரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"தையலைப் பாத்தா தெரியாதா?"

ஐந்தாம் நாள் புது வில்லங்கம். பாலத்தை நெருங்கும்போது சீட் அவரோடு சேர்ந்து, லிஃப்ட் மாதிரி, மெல்லக் கீழே இறங்கியது. பனிக்குள் அமிழ்வதுபோல முதலில் சுகமாகத்தான் இருந்தது. நாலு விரல் இறங்கி நின்றதும் முழங்கால் வயிற்றை முட்டியது. கால் தாங்க வேண்டிய பாரமும் பின்பக்கத்திலேயே இறங்கியது. வீட்டுக்கு வந்து சீட்டை ஏற்றி, போல்ட்டைப் பல்லைக் கடித்து முறுக்கினார். மறுநாள் பாலத்தில் மறுபடி நாலு விரல். அதற்கு மறுநாளும்.

'என் கனம்தான்' என்று முடிவு கட்டி இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். இப்போது வயிறும் சேர்ந்து காந்தியது.

"சீட் இறங்கினா முறுக்கிக்கலாம். வயித்தைக் காயப் போடாதீங்க," என்றாள் மனைவி. அவள் முகம் ஏனோ வாடியிருந்தது.

"எவ்வளவுதான் முறுக்கறது? நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன். பிடிக்கலைன்னா திருப்பித் தர கடைக்காரன் பத்து நாள்தான் டைம் குடுத்திருக்கான்."

அவள் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் காலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். பாலத்தில் சற்று நின்றார். பனி வந்து வெறும் சீட்டில் உட்கார்ந்தது. அதற்கு மட்டும் வலிக்கவில்லை.

கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கங்க தம்பி. இது எனக்குக் குடுத்து வைக்கல."

"ஏண்ணே, சீட் இறங்குதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்? தினமும் முறுக்கறேன், தினமும் இறங்குது. மூட்டை தூக்கின உடம்பு, சீட் தாங்கல."

"கனத்துக்கெல்லாம் இது இறங்காது. நீங்க முறுக்கினப்புறம் வேற யாரோ கழட்டியிருக்கணும்."

"யாரு தொடுறா? வீட்டுல இருக்கறது அவ ஒருத்தி. அவளுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

கடைக்காரர் ஸ்பேனரைத் துணியில் நிதானமாகத் துடைத்தார்.

"நீங்க கிட்டங்கிக்குப் போனப்புறம் சீட்டை இறக்கி அக்காதான் ஓட்டறாங்க, திரும்ப ஏத்தி வைக்கறப்ப முறுக்கத்தான் கை பலம் பத்தல, மூணே நாள்ல எங்கிட்ட கத்துக்கிட்டாங்கண்ணே, கல்யாணமான புதுசுல நீங்க கத்துத் தரேன்னு சொன்ன கடன் மட்டும் உங்க பேர்ல இன்னும் அப்படியே நிக்குதாம்."