பீரோ பார்த்த படலம்

“சார், கட்டிலா, பீரோவா?”

விற்பனையாளர் இப்படிக் கேட்டபோது, ஓய்வுபெற்ற தபால்காரர் அந்த மரச்சாமான் கடையின் இரண்டாவது மாடியில் ஒன்பதாவது சுற்றில் இருந்தார். நின்று பதில் சொன்னால் பிடித்த வேகம் போய்விடும். நடந்துகொண்டே, “பீரோ” என்றார்.

அவருக்குப் பீரோ வேண்டாம். நடக்க இடம்தான் வேண்டும். போன கோடையில் பதினொரு மணி வெயிலில் நடக்கப் போய், தெருமுனையில் மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கி வரும்படி ஆகிவிட்டது.

“நடக்காம இருந்தா முட்டி பூட்டிக்கும். வெயில்ல நடந்தா திரும்பவும் விழுவீங்க. தாகம் எடுக்குறதுக்கு முன்னாடியே தண்ணி குடிச்சிடுங்க” என்றார் டாக்டர்.

மகள் இன்னும் சுருக்கமாகச் சொன்னாள்: “இன்னொரு தடவை விழுந்தீங்க, உங்க செருப்பை எடுத்துட்டுப் போய் என் வீட்டுல வெச்சுப் பூட்டிடுவேன்ப்பா.”

விடிகாலையில் நடக்கலாம்தான். ஆனால் அந்த நேரத்தில் தெருவே நாய்கள் வசம் இருந்தது. அவர் சீருடையைக் கழற்றிப் பதினொரு வருடம் ஆகியும், அந்த நாய்கள் பகையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வளர்த்திருந்தன. வீட்டுக் கூடமோ எட்டே எட்டு தப்படி. “குறுக்கும் நெடுக்குமா நடக்காதீங்க, எனக்குத் தலை சுத்துது” என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் இரண்டு தெரு தள்ளி இருந்த இந்தக் கடை கண்ணில் பட்டது. மூன்று மாடி. முழுக்க ஏசி. வழவழவென்ற தரை. நாய் கிடையாது.

“எத்தனை கதவு சார்?” விற்பனையாளர் பக்கத்திலேயே ஓடி வந்தார்.

“மூணு.”

“தேக்கா?”

“யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டுப் பத்தாவது சுற்றுக்குத் திரும்பினார்.

மறுநாள் விற்பனையாளர் ஒரு நாற்காலியோடு காத்திருந்தார். “வயசானவர் நேத்து நடந்துட்டே பாத்தீங்க. மனசே கேக்கலை. உக்காருங்க சார், ஒவ்வொண்ணா நான் காட்டுறேன்.”

உட்காருவதற்கு வீடே போதும். அவசரத்தில் தபால்காரர், “உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்றார்.

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். “மூலமா சார்?”

தபால்காரர் ஒரு கணம் யோசித்தார். வேறு நோய் எதுவும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. “ஆமா.”

அன்று மாலைக்குள் விஷயம் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாள் பில் போடும் பெண் நடுவில் ஓட்டை வைத்த ஒரு ரப்பர் மெத்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். “எங்க மாமாவோடதுதான். கழுவி வெச்சிருக்கேன்.” சோபா பிரிவுக்காரர் அவரைக் கண்டதும் மரியாதைக்காகத் தானும் எழுந்து நின்றார்.

இப்படியே போனால் சரிப்படாது என்று தபால்காரர் முடிவு செய்தார். உலகத்திலேயே இல்லாத ஒரு பீரோவைக் கேட்டுவிட்டால் ஆளை விடுவார்கள்.

“நான் தேடுறது இங்க இல்ல தம்பி. நாலு கதவு இருக்கணும். கண்ணாடி உள்பக்கமா இருக்கணும். உள்ள சின்னச் சின்னதா முப்பத்தாறு அறை வேணும்.” அது தபால் பிரிக்கும் அலமாரியின் கணக்கு. முப்பத்து நாலு வருடம் பார்த்ததால் தானாக வாயில் வந்தது. “இளம்பச்சை கலர்.”

விற்பனையாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அதன்பின் பதினைந்து நாள் நிம்மதி. தினமும் நாற்பது சுற்று. முட்டிவலி குறைந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “என்ன செய்றீங்களோ, அதையே செய்யுங்க” என்றார்.

பதினாறாம் நாள் விற்பனையாளர் வாசலுக்கே ஓடி வந்தார். “வந்துடுச்சு சார்!”

இரண்டாவது மாடியில் அது நின்றது. நாலு கதவு, இளம்பச்சை. பக்கத்தில் புருவமெல்லாம் மரத்தூளோடு ஒரு தச்சர்.

“இருபது வருஷமா இந்த வேலை செய்றேன். இப்படி ஒண்ணை யாரும் என்கிட்ட கேட்டதில்லை” என்றார் தச்சர். பெருமையா, புகாரா என்று தெரியவில்லை.

தபால்காரர் பீரோவையே ஒரு சுற்று சுற்றி வந்தார். வேண்டாம் என்றால் இனி இந்தக் கடைக்குள் கால் வைக்க முடியாது. கோடை இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி இருந்தது.

“வீட்டுல அவங்களும் பாக்கணும்” என்று நழுவினார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: “நாளைக்கு ஒரு கடைக்குப் போறோம். எதைக் காட்டினாலும் ‘கலர் பிடிக்கலை’ன்னு சொல்லு. ஏன், எதுக்குன்னு கேக்காதே.”

“சரி” என்றாள் அவள். நாற்பத்தொரு வருடத்தில் அவள் காரணம் கேட்காமல் சம்மதித்தது அதுவே முதல் தடவை. அப்போதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் லிஃப்ட் பக்கம்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள். பீரோ முன்னால் நின்றாள். ஒரு கதவைத் திறந்தாள், மூடினாள். முப்பத்தாறு அறையையும் விரலால் தடவிக்கொண்டே போனாள்.

தபால்காரர் கண்ணைக் காட்டினார். இருமினார். கடைசியில், “கலர்...” என்று எடுத்தும் கொடுத்தார்.

“கலரா?” அவள் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. “நாற்பத்தொரு வருஷத்துல நான் வாய் திறந்து கேக்காமலே எனக்குன்னு ஒண்ணு பண்ணியிருக்கீங்க. எனக்குப் பிடிச்ச இளம்பச்சையில.”

தச்சர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பில் போடும் பெண் மூக்கை உறிஞ்சினாள். விற்பனையாளர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

தபால்காரர் கையெழுத்துப் போட்டார். என்ன இருந்தாலும் மனசு நிறைந்துதான் இருந்தது. தனக்கே தெரியாமல் தான் ஒரு நல்ல கணவனாக இருந்திருக்கலாம் என்று நினைத்தபடி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்.

வாசலில் காவலுக்கு இருந்த அம்மாள் கதவைத் திறந்துவிட்டபடி அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னம்மா, தினமும் சாயங்காலம் வந்து நடக்க வர்றவங்க நோட்டுல பேரை எழுதிட்டு நீங்க பாட்டுக்கு ஜம்முனு நடந்துட்டுப் போறீங்களே, நடக்க வந்திருக்கேன்னு சொன்னா இங்க யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு ஐயாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”